கொடையும் கொளலும்: ஆசுநாடகத்தின் கலைச்சொற்களும் அடிப்படைக் கருத்துகளும்

கேட்ட அக்கணத்தே, கொடுத்த பொருளில், கொடுத்த அடியில் பாடும் புலவனைத் தமிழர் ஆசுகவி என்று போற்றினர். கவிகளை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நால்வகைப்படுத்தியபோது அவனை முதலில் வைத்தனர். காளமேகத்தின் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது அவ்வாற்றலால் ஆகும். 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒருங்கே கவனித்து விடையிறுத்த செய்குத்தம்பிப் பாவலரைச் சதாவதானி என்று தமிழுலகம் கொண்டாடியது. இசையரங்கிலும் இதே நிலைதான். பாடம் செய்த கீர்த்தனையைப் பிழையறப் பாடுவது தொடக்கநிலைத் தகுதி. ஆலாபனையும் நிரவலும் கற்பனைச் சுரமும் அவ்வப்போது புனைந்து பாடுவதே வித்துவத்தின் அடையாளம். ஆயின், இதே ஆற்றல் நாடக மேடையில் வெளிப்படும்போது மட்டும் மதிப்பு மாறிவிடுகிறது. எழுதாத உரையாடலைப் பேசும் நடிகனைப் பாடம் இல்லாதவன் என்றும், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவன் என்றும் குறைத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. இயலிலும் இசையிலும் பெருமையாகக் கருதப்படுவது நாடகத்தில் மட்டும் சிறுமையாவது ஏன்?

இவ்வினா கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நாடகம் பயிற்றும் ஆசிரியர்க்கும் பயிலும் மாணவர்க்கும் நேரடியான தொடர்புடையது. பள்ளிகளிலும் இயக்கங்களிலும் நாடகம் என்றவுடன் முதலில் கையில் கிடைப்பது எழுதிய வசனம். மாணவன் அதை மனப்பாடம் செய்கிறான். தன் முறை வரும்வரை எதிரில் நிற்பவன் சொல்வதைக் கேளாமல் தன் வரியையே எண்ணிக்கொண்டு நிற்கிறான். ஒரு சொல் மறந்தால் மேடையே உறைந்துபோகிறது. எதிரே நிற்பவனைக் கேட்கவும், கேட்டதற்கு ஏற்பப் பேசவும் பழகாத நடிகன் எத்துணை வசனம் அறிந்திருந்தாலும் ஒப்புவிப்பவனே அன்றி நடிப்பவன் ஆகான். இக்குறையைப் போக்கும் பயிற்சிமுறையை ஆங்கில வழியே சந்திக்கும் மாணவர், அதன் கலைச்சொற்களைப் போலவே அக்கலையும் பிறநாட்டுச் சரக்கு என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை, அதன் அடிப்படைக் கருத்துகளைத் தமிழ் இலக்கணத்தோடும் தமிழ் மேடையோடும் ஒப்பிட்டு நோக்கின் அறியலாம்.

பெயரும் பொருளும்

எழுதிய உரையாடல் இன்றி, நடிப்பவரே காட்சியையும் பேச்சையும் மேடையில் புனைந்து செல்லும் நாடகத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லை. திடீர் நாடகம் என்னும் பெயர் அவசரக் கோலத்தைக் குறிப்பதாக அமைகிறது. மனோதர்மம் என்பது இசைக்கே உரியதாகிவிட்டது. ஆசுகவியை ஒட்டி ஆசுநாடகம் எனல் பொருத்தம் உடையது. ஆசு என்னும் சொல்லுக்கு விரைவு என்றும் பொருளுண்டு. குற்றம் என்றும் பொருளுண்டு. விரைவு குற்றமாகிவிடாமல் காத்தலே இக்கலையின் இலக்கணம் என்பதால், அவ்விரட்டைப் பொருளும் பெயருக்கு இழுக்காகாது.

ஆசுநாடகம் முன்னேற்பாடற்றது என்பது பெரும்பிழை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தழைத்த கோமெடியா தெல் ஆர்த்தே என்னும் முகமூடி நாடகத்தில் உரையாடல் எழுதப்படவில்லை. ஆனால் கதைச்சட்டகம் உண்டு. பிளமினியோ ஸ்காலா 1611இல் அத்தகைய 50 சட்டகங்களை அச்சிட்டார். எந்தப் பாத்திரம் எப்போது நுழையும், எதற்காக வரும், என்ன நிகழ்ந்தபின் நீங்கும் என்பவை அதில் வரையறுக்கப்பட்டன. ஒவ்வொரு நடிகனும் தன் வாழ்நாள் முழுதும் ஒரே வகைப் பாத்திரத்தை ஏற்று, அதற்குரிய நகைச்சுவைத் துணுக்குகளையும் உடலசைவுகளையும் சேர்த்து வைத்திருந்தான். அவற்றைக் கைச்சரக்கு எனலாம். சட்டகமும் கைச்சரக்கும் ஆயத்தமாக இருந்தமையால்தான் சொல் அக்கணத்தில் பிறந்தது.

தமிழகத்தின் ஸ்பெஷல் நாடகமும் இவ்வகையதே. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் முதலிய ஒவ்வொரு கலைஞரும் அந்த ஓர் இரவுக்கெனத் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். குழு இல்லை, இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. மேடையில் சந்திக்கும் இருவர் விடியும்வரை வள்ளி திருமணத்தையோ பவளக்கொடியையோ நடத்திச் செல்கின்றனர். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்த பாடல்களும் கதையமைப்பும் எல்லாருக்கும் பொதுவான கைச்சரக்கு ஆதலின் இது கைகூடுகிறது.

மலாயாவிலும் இம்மரபு அயலானதன்று. தோட்டப்புறங்களில் இரவெல்லாம் ஆடப்பட்ட தெருக்கூத்தில், கட்டியக்காரன் அவ்வூர்ச் செய்தியைக் கதைக்குள் கொண்டுவந்து பேசினான். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் தோன்றிய பங்சாவான் என்னும் மலாய் நாடகமும் கதைச்சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உரையாடலை மேடையிலேயே புனைந்தது. அதனைத் தொடங்கியவராகக் கூறப்படும் மாமாக் புஷி, அக்குழுவை 1885இல் அமைத்தார் என்பர். ஆக, இம்மண்ணில் மலாய் மேடையும் தமிழ் மேடையும் ஒருகாலத்தில் இதே அடிப்படையில் இயங்கின.

கொடையும் கொளலும்

இக்காலப் பயிற்சிமுறைக்கு வித்திட்டவருள் முதன்மையானவர் அமெரிக்காவின் வயோலா ஸ்போலின் (1906–1994). சிகாகோ நகரில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு பழகி, மொழியும் கூச்சமும் தடையாகாத விளையாட்டுகளை வகுத்து, 1963இல் அவற்றை நூலாக்கினார். கீத் ஜான்ஸ்டன் (1933–2023) இலண்டனிலும் பின்னர்க் கனடாவிலும் கண்ட பட்டறிவை 1979இல் நூலாக வெளியிட்டார். இவர்வழி வந்த பயிற்சியின் முதற்கருத்து ஒன்றே: ஒரு நடிகன் மேடையில் சொல்லும் சொல், காட்டும் அசைவு, விடும் பெருமூச்சு ஒவ்வொன்றும் எதிரில் நிற்பவனுக்கு அளிக்கும் பொருள், மற்றவன் அதனை உண்மையென ஏற்றுக்கொள்ளக் கடவன்.

இவ்விரண்டுக்கும் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. வினாக்களை அறுவகைப்படுத்திய பவணந்தியார், அறிவு, அறியாமை, ஐயம் ஆகியவற்றோடு கொளல், கொடை, ஏவல் என்பவற்றையும் சேர்த்தார். பேச்சு என்பது செய்தி கேட்பது மட்டுமன்று. கொடுப்பதும் கொள்வதும் ஆகும் என்னும் நுட்பம் அவ்வகைப்பாட்டிலேயே அடங்கியுள்ளது. எனவே நடிகன் முன்வைப்பதைக் கொடை என்றும், அதனை ஏற்பதைக் கொளல் என்றும் வழங்கலாம். "பெரியம்மா, மழையில் நனைந்துவிட்டீர்களே" என்று ஒரு மாணவி சொன்னால் உறவு, வானிலை, அக்கறை என மூன்று கொடைகள் ஒரே தொடரில் கிடைக்கின்றன. மற்றவள் முந்தானையைப் பிழிந்தாலே போதும், மூன்றும் கொள்ளப்பட்டுவிடும்.

எண்வகை விடையும் இருவகை மறுப்பும்

கொடையைக் கொள்ளாது தள்ளுவதை மறுப்பு எனலாம். ஆசுநாடகத்தில் மறுப்பு கூடாது என்பது முதற்பாடம். ஆயின் இவ்விதியைத் தவறாக விளங்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஆம் என்று தலையாட்டும் மாணவரைக் காண்பது அரிதன்று. இங்கே துணைக்கு வருவதும் நன்னூலே. விடைகள் சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என எட்டு. முதல் மூன்றும் நேரடி விடைகள்; பின்னைய ஐந்தும் குறிப்பால் விடையாவன.

"தம்பி, இந்தப் பெட்டியைப் பரணில் தூக்கி வைப்பாயா?" என்று ஒருவன் கேட்கிறான் என்க. "வைப்பேன்" என்பது நேர். கொடை கொள்ளப்பட்டது, ஆனால் புதிதாக ஒன்றும் கொடுக்கப்படவில்லை. "வைக்கமாட்டேன்" என்பது மறை. இதுவும் ஒன்றும் கொடுக்கவில்லை. "நீங்களே வையுங்கள்" என்னும் ஏவலில் இருவருக்கிடையே உள்ள மனத்தாங்கல் வெளிப்படுகிறது. "வைக்காமல் இருப்பேனா?" என்னும் எதிர்வினாவில் நன்றியோ எரிச்சலோ குரலைப் பொறுத்துப் பிறக்கிறது. "போன முறை தூக்கியதில் தோள் பிசகிவிட்டது" என உற்றது உரைத்தால் இறந்தகாலம் ஒன்று காட்சிக்குள் நுழைகிறது. "தூக்கினால் உள்ளே இருப்பது விழித்துக்கொள்ளும்" என உறுவது கூறினால் எதிர்காலமும் அச்சமும் நுழைகின்றன. "பெட்டி வேண்டாம், அதன் சாவியைப் பத்திரமாக வைக்கிறேன்" என இனமொழி கூறினால் இருவருக்கும் இடையே மறைபொருள் ஒன்று முளைக்கிறது.

இவ்வைந்தனுள் நான்கில் பாத்திரம் பெட்டியைத் தூக்க மறுக்கிறது. ஆயினும் நடிகன் மறுக்கவில்லை. பெட்டியையும் பரணையும் அண்ணன் தம்பி உறவையும் முற்றும் கொண்டு, மேலும் ஒன்றைக் கொடுத்திருக்கிறான். உண்மையான மறுப்பு எட்டு விடையுள் அடங்காதது: "எந்தப் பெட்டி? இங்கே பெட்டியே இல்லையே" என்பது அது. அவ்வொரு தொடரால் கொடுத்தவன் பொய்யனாகிறான், காட்சி தரைமட்டமாகிறது. எனவே விதியைத் திருத்தமாகக் கூறின், பாத்திரம் மறுக்கலாம். நடிகர் மறுத்தல் ஆகாது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் மேடை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. பத்துமலையும் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் அறிந்த கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்க்கு வள்ளியின் கதையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வள்ளி திருமணத்தின் உயிர்ப்பகுதி தர்க்கம். தினைப்புனத்தில் நாரதரோடும், வேடனாகவும் கிழவனாகவும் வரும் முருகனோடும் வள்ளி சொல்லுக்குச் சொல் எதிர்த்து நிற்கிறாள். பாத்திரம் என்ற நிலையில் அவள் பேசுவதெல்லாம் மறுப்பு. அப்படியிருந்தும் நாடகம் மணிக்கணக்கில் வளர்வது எவ்வாறு? வேடன் என்றால் வேடனாக ஏற்று, அவன் தொடுத்த உவமையையே பற்றிக்கொண்டு மடக்கி, அவன் அடுத்துப் பேசுவதற்கு இடம் வைத்தே அந்நடிகை விடையளிக்கிறாள். முன்பின் ஒத்திகை பாராத இருவர் இதனைச் செய்வது, பாத்திரங்களின் பகைக்கு அடியில் நடிகர்களின் இணக்கம் ஓடுவதனால் ஆகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு மேடைகளைத் திறனாய்வோர் கருதத்தக்க இடம் இது. இங்கே மாணவர்க்கு மிகுதியும் பழக்கமான மேடைக்கலைகள் பேச்சுப் போட்டியும் சொற்போரும் பட்டிமன்றமும். அவற்றில் எதிரியின் கூற்றை வேரோடு வெட்டுவதே வெற்றி. அப்பயிற்சியோடு நாடக மேடைக்கு வரும் மாணவன் உடன் நடிப்பவனை எதிரணியாகவே கருதுகிறான். கூடியிருப்போர் ஒருமுறை சிரிக்கிறார்கள். காட்சி அத்தோடு சாகிறது. பட்டிமன்றம் தீங்கன்று, ஆனால் வெல்லும் கலையையும் சேர்ந்து கட்டும் கலையையும் ஒன்றெனக் கொள்வது தீங்கு. வள்ளியின் தர்க்கத்தை வகுப்பில் பயிற்றினால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் தம் நாவாலேயே உணர்வர்.

நிலை: ஈ, தா, கொடு

அடுத்த கருத்து, பாத்திரங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு. இதனை நிலை என்று வழங்கலாம். ஜான்ஸ்டனின் கருத்துப்படி, இருவர் சந்திக்கும் எந்தக் காட்சியிலும் ஒருவர் மற்றவரினும் சற்று உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கின்றனர். அவ்வளவு மாறும்போதுதான் காண்போர் விழித்துக்கொள்கின்றனர். நிலை என்பது பதவி அன்று, நடந்துகொள்ளும் முறை. அரசன் தாழ்ந்து நடக்கலாம். ஏவலன் உயர்ந்து நடக்கலாம். அரசனுக்குக் கட்டியங்கூறும் கட்டியக்காரன் அவனையே எள்ளி நகைப்பது இதற்குச் சான்று.

ஒன்றை வேண்டுங்கால் இழிந்தோன் ஈ என்றும், ஒப்போன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கூறுதல் மரபு எனத் தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்தன. இன்றைய பேச்சில் அவ்வரையறை நெகிழ்ந்துவிட்டது. ஆனால் நீ, நீர், நீங்கள் என்பவற்றிலும் அண்ணே, ஐயா, தம்பி என்னும் விளிகளிலும் அதே அளவுகோல் இயங்குகிறது. ஆங்கில மாணவன் நிலையை உடலசைவாலும் குரலாலும் மிகுதியும் காட்ட வேண்டியிருக்க, தமிழ் மாணவனுக்கு ஒரு விகுதியே அதனைச் செய்துவிடுகிறது.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில், தீபாவளிக்கு முந்திய நாள், சேலைக்கடை ஒன்றைக் களமாகக் கொள்க. "தம்பி, அதை எடு" என்று உயர்ந்து நுழைகிறாள் ஒருத்தி. "இது கொஞ்சம் விலை கூடும்மா" என்னும் கடைக்காரரின் பணிவான சொல் அவளைத் தாழ்த்திவிடுகிறது. அவள் புறப்படுவதுபோல் திரும்பினால் மீண்டும் உயர்கிறாள். தோட்டக் கதைகளில் வரும் கங்காணியும் நல்ல பயிற்சி: துரையின் முன் குனிந்தவன், துரை திரும்பிய மறுநொடி தொழிலாளியின்முன் நிமிர்கிறான். ஒரே உடல், ஒரு நிமிடத்தில் இரு நிலை. எழுதிய வசனம் இன்றியே ஒரு சமுதாய வரலாறு அந்த முதுகில் எழுதப்பட்டிருக்கிறது.

களம், திருப்பம், மீட்பு

கொடைகள் குவிந்தால் மட்டும் கதையாகிவிடாது. யார், எங்கே, என்ன உறவு என்பன முதலில் நிலைபெற வேண்டும், இது களம். நிலைபெற்ற வாழ்க்கை குலையும் இடம் திருப்பம். களம் அமையுமுன் திருப்பத்துக்கு விரைவது புதியவரின் பொதுக்குறை; நுழைந்தவுடன் துப்பாக்கி எடுப்பவன் யாரைச் சுடுகிறான் என்று காண்போர்க்குத் தெரியாது. மூன்றாவது மீட்பு: முன்பு வந்து மறக்கப்பட்ட ஒன்றை மீண்டும் கொணர்தல். பெட்டிக்குள் விழித்துக்கொள்வது எது என்பது இறுதியில் வெளிப்பட்டாக வேண்டும். கதை புனைபவனை ஜான்ஸ்டன் பின்னோக்கி நடப்பவனுக்கு ஒப்பிட்டார். போகும் இடம் அவனுக்குத் தெரியாது, கடந்துவந்தவை அனைத்தும் கண்முன் தெரியும். ஆகவே ஆசுநாடகத்துக்கு வேண்டியது புதுப்புது கற்பனை என்பதினும், கேட்டதை மறவாத கவனம் என்பதே பொருந்தும். அவதானியின் கலையும் இதுவே.

தடைகளும் விடைகளும்

இதற்கு எதிராகக் கூறப்படுபவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. முதலாவது, எழுத்தின் காவல் நீங்கினால் மேடை கொச்சைப்படும் என்பது. ஸ்பெஷல் நாடகத்துப் பபூன் காட்சிகள்மீது இக்குறை பலகாலமாகச் சாற்றப்படுகிறது. சங்கரதாஸ் சுவாமிகளே மேடையில் ஒழுங்கை வேண்டி, 1918இல் மதுரையில் சிறுவரைக் கொண்ட நாடகசபையை அமைத்துப் பாடம் செய்வித்தார். அவர் யாத்த நாடகங்களே பின்னர் ஒத்திகையற்ற மேடையின் பொதுச்சொத்தாகிச் சிறுவர் சபைகள் மறைந்தபின்பும் வாழ்வது, காலத்தின் விந்தை. இதிலிருந்து பெறும் பாடம், பாடமும் புனைவும் பகை அல்ல என்பது. சுவாமிகளின் செய்யுளை நெஞ்சில் தாங்கியவரே தர்க்கத்தில் தடையின்றிப் பேசினர். கொச்சை பிறப்பது எழுத்து இன்மையால் அன்று, கைச்சரக்கு வறுமையால். நல்ல இலக்கியம் பயிலாதவன் அவசரத்தில் நாடுவது மலிவான சிரிப்பையே.

இரண்டாவது, எழுதாத நாடகம் இலக்கியமாக நிலைக்காது என்பது. இது உண்மை; மறுக்க இயலாது. எம்.ஆர். இராதா (1907–1979) இரத்தக்கண்ணீர் நாடகத்தில் அன்றன்றைய செய்திகளை நுழைத்துப் பேசியவை பெரும்பாலும் காற்றோடு போயின. ஆனால் அந்நாடகத்துக்குத் திருவாரூர் கே. தங்கராசு எழுதிய கட்டுக்கோப்பு இருந்தது என்பதும் மறக்கற்பாலதன்று. ஆசுநாடகம் எழுத்து நாடகத்தின் இடத்தைப் பறிக்க வந்ததன்று. எழுதிய சொல்லையும் அப்போதுதான் பிறந்த சொல்லாகப் பேசக் கற்பிப்பது அதன் பணி.

மூன்றாவது, மொழித்தூய்மை பற்றிய அச்சம். வசனம் எழுதுவோர் பலர் தமிழகத் திரைப்படப் பேச்சை ஒட்டி எழுத, எழுதாது பேசும் மாணவன் வாயில் இந்நாட்டுத் தமிழ் வருகிறது. பசியாறினீர்களா என்று கேட்கிறான். முதலாளியைத் தவுக்கே என்கிறான். மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் கலந்து வருவன குறையே எனினும், அக்குரலில் மலேசியத் தமிழனின் வாழ்வு ஒலிக்கிறது. செந்தமிழையும் இப்பேச்சையும் பாத்திரம் அறிந்து ஆளக் கற்பிப்பது ஆசிரியர் கடன். கடன் வாங்கிய பேச்சைத் தூய்மை என்று கொள்வது அதற்கு மாற்றாகாது.

முடிவாக

கொடை, கொளல், மறுப்பு, நிலை, களம், திருப்பம், மீட்பு, சட்டகம், கைச்சரக்கு ஆகிய ஒன்பது சொற்கள் வகுப்பறையில் வழக்கத்துக்கு வருமாயின், நாடகத்தைப் பார்த்தபின் நன்று, நன்றன்று என்பதோடு நின்றுவிடும் திறனாய்வுக்கு அளவைகள் கிடைக்கும். எந்தக் கொடை கொள்ளப்படாமல் விழுந்தது, எந்த இடத்தில் நிலை மாறத் தவறியது என்று மாணவனே சுட்டிக்காட்டுவான். நன்னூலின் வினாவிடைப் பகுதியைத் தேர்வுக்கென ஒப்பித்து மறப்பதினும், இருவரை எதிரெதிரே நிறுத்தி, ஒரே வினாவுக்கு எட்டு விடையும் எட்டுக் காட்சியாக வளரச் செய்வது ஆசிரியர்க்கு ஒரு பாடவேளையில் இயலும். செலவு இல்லை, ஒப்பனை இல்லை, அரங்கு வேண்டா.

நாடகப் போட்டிகளை நடத்துவோர் வசனத்துக்கும் உச்சரிப்புக்கும் புள்ளிகள் ஒதுக்குவதோடு, எதிரில் நிற்பவரைக் கேட்டு நடித்தமைக்கும் சிறுபகுதி ஒதுக்கலாம். கேளாமல் பேசும் பழக்கம் மேடையோடு நிற்பதில்லை. வீட்டிலும் சங்கத்திலும் அவையிலும் அது தொடர்கிறது. எதிர்த்துப் பேசும்போதும் எதிரில் இருப்பவரை இல்லையென்று ஆக்கிவிடாத வள்ளியின் நாவன்மையை இளைய தலைமுறை கற்குமாயின், அதனால் பயன்பெறுவது நாடகம் மட்டும் அன்று.